கல்லைத் திரும்ப வைப்பது எப்படி: போர்ட்டோ ரிக்கோவின் புழுப் பல்லி

கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் தோட்டம் கொத்துகிறவர்கள் இதை 'குலெப்ரா சியேகா' என்பார்கள். குருட்டுப் பாம்பு என்று அர்த்தம். ஆனால் இது பாம்பே இல்லை. 1829இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே பெயரிட்ட அம்ஃபிஸ்பேனா சீக்கா, இந்தத் தீவுக்கே உரிய, கால் இல்லாத புழுப் பல்லி. நம் ஊர் மண்ணுளிப் பாம்பைப் போலவே இதற்கும் இரண்டு தலை என்று ஒரு பேச்சு உண்டு. வால் நுனி மழுங்கி, தலை மாதிரியே இருப்பதுதான் காரணம்.

இதைப் பார்க்க, மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். மண் காய்ந்தால் ஆழத்துக்கு இறங்கிவிடும். மலைப்பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழலில் கிடக்கும் கல், மக்கிய கட்டை, இவற்றுக்கு அடியில் பாருங்கள். கையுறை கட்டாயம், பெரிய பூரான்களும் அங்கேதான் குடியிருக்கும். கல்லின் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். பூரான் இருந்தால் அந்தப் பக்கமாக ஓடிவிடும்.

சரி, ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. புழுப் பல்லியைப் போல மண்புழுவுக்கும் உடலில் வளையம் உண்டு, ஆனால் மண்புழு தொட்டால் பிசுபிசுக்கும். அசல் குருட்டுப் பாம்புகளும் இந்தத் தீவில் உண்டு. அவற்றின் செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து பளபளக்கும். புழுப் பல்லியின் செதில்களோ சின்னச் சின்னக் கட்டங்களாக, உடலைச் சுற்றி வரிவரியாக இருக்கும். காதுத் துளை கிடையாது, கண் செதிலுக்கு அடியில் மறைந்திருக்கும். நகரும்போது பாருங்கள்: பாம்பு போல நெளியாமல், தோல் சுருங்கி விரிய நேராகப் போகும். அப்படியே பின்னாலும் போகும். எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது.

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒடிந்தால் வீட்டுப் பல்லிக்கு முளைப்பது போல முளைக்காது.

முதன்முதலில் ஒன்றைப் பார்த்த சந்தோஷத்தில், படம் எடுத்துவிட்டுக் கல்லை அப்படியே அதன்மேல் இறக்கிவிட்டேன். மறுநாள் போய்த் தூக்கினால், நசுங்கிக் கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. அன்றிலிருந்து பல்லியை முதலில் ஈரச் சருகோடு அள்ளி நிழலில் வைக்கிறேன். அப்புறம் கல்லை அதன் பழைய பள்ளத்திலேயே பொருத்துகிறேன். அதன் பிறகுதான் பல்லியைக் கல்லின் ஓரத்தில் விடுவேன். தலையால் மண்ணை முட்டி முட்டி இடுக்குத் தேடும். அதுவரை வெயில் படாமல் குனிந்து மறைத்துக்கொள்ளுங்கள். வால் உள்ளே போன பிறகு எழுந்தால் போதும்.