இத்தோமான் ஹாரே: கவிழ்த்த படகை நிமிர்த்தி ஓட்டும் முறை

ஜப்பானின் ஒகினாவா முதன்மைத் தீவின் தென்கோடி மீனவர் ஊரான இத்தோமானில், சந்திர நாட்காட்டியின் 5ஆம் மாதம் 4ஆம் நாள் ஹாரே என்னும் படகுப் போட்டி விழா நடக்கும். கடல் பாதுகாப்புக்கும் மீன்வளத்துக்குமான வேண்டுதல் அது. நாஹா நகரத்தில் ஹாரி எனப்படும் இதே வகை விழாவில் 14.5 மீட்டர் நீளப் பெரும்படகுகள் ஓடும். இங்கே மீன்பிடிப் படகான சபானிதான். துடுப்புப் போட 10 பேர், தாளத்துக்கு மணி அடிக்க ஒருவர், சுக்கான் பிடிக்க ஒருவர்.

துடுப்பின் பெயர் எகு. மேல்கை காம்பின் நுனியில், கீழ்க்கை அதன் தட்டையான அலகுக்குச் சற்று மேலே இருக்கட்டும். கையை மட்டும் நம்பினால் பாதி தூரத்தில் தோள் விட்டுப்போகும். இடுப்பை வளைத்து முன்னே எட்டி, அலகு முழுவதும் நீரில் இறங்கிய பிறகே இழுங்கள். காது மணியோசையில் இருக்கட்டும். ஒருவர் முந்தினாலும் பின்னால் இருப்பவரின் எகுவோடு மோதும், வேகம் செத்துவிடும்.

முதலில் ஓடும் உகன்பாரே 850 மீட்டர். அதில் நிஷிமுரா, நகாமுரா, ஷின்ஜிமா என்ற மூன்று பழைய பகுதிகள் மோதும். அன்றைய கடைசிப் போட்டியான அகாய்சூபு 2,150 மீட்டர். அதற்கு மூச்சைச் சேமித்தாக வேண்டும்.

குன்னுகாசே வேறு வகை. போட்டியின் நடுவே படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, மீண்டும் ஓட்ட வேண்டும். ஒடுங்கிய சபானி எளிதில் கவிழும் என்பதால் ஆழ்கடலில் உயிர் காத்த திறமை இது. இதில் புஜபலத்தைவிட ஒழுங்குதான் வெல்லும்.

கவிழும்போது எகுவைக் கைவிடாதீர்கள். மிதந்து போனதைத் தேடுவதில்தான் பெரும்பாலும் நேரம் போகிறது. எல்லாரும் ஒரே பக்கத்தில் சேர்ந்து, ஒரே குரலுக்கு விளிம்பைப் பிடித்துப் புரட்டுங்கள். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் பாதி எழுந்து மறுபடி விழும், உள்ளே நீர் கூடும். நிமிர்ந்ததும் முன்னும் பின்னும் ஆட்டினால் கணிசமான நீர் தானே வெளியேறும். அதற்குப் பிறகு ஓரிருவர் மட்டும் ஏறி, மரத்தில் குடைந்த யூதுய் என்னும் இறைகலத்தால் இறைக்கட்டும். மற்றவர்கள் நீரிலேயே நின்று இரு விளிம்பையும் சமமாகத் தாங்க வேண்டும். அவசரப்பட்டு எல்லாரும் ஏறினால் விளிம்பு நீர்மட்டத்துக்கு இறங்கி, இறைத்ததெல்லாம் திரும்ப உள்ளே வரும். விளிம்பு நன்றாக உயர்ந்த பின், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இருவர் இருவராக ஏறுங்கள். மிச்ச நீரைப் போகப்போக இறைத்துக்கொள்ளலாம்.

மறுநாளான 5ஆம் நாள் இறந்தோர் நடத்துவதாக நம்பப்படும் ஹாரே. அன்று கடலில் இறங்கும் வழக்கமில்லை, பயிற்சியும் வேண்டாம்.