திருவருகைக் காலத்துக்கு வீட்டை ஆயத்தப்படுத்துதல்

நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறன்று தொடங்கும், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு, முந்திய சனிக்கிழமையே வீட்டைத் தயார் செய்துவிடுவது நல்லது. தாம்பாளத்தில் சவுக்குக் கொழுந்துகளை வட்டமாக அடுக்கி, ஊதா நிறத்தில் மூன்றும் இளஞ்சிவப்பில் ஒன்றுமாக நான்கு மெழுகுதிரிகளை நிறுத்துங்கள். இளஞ்சிவப்புத் திரி மூன்றாம் ஞாயிறாகிய மகிழ்ச்சி ஞாயிறுக்கு உரியது.

இரவுச் செபமாலை முடிந்ததும் அந்த வாரத்துக்குரிய திரிகளைப் பிள்ளைகள் ஏற்ற, பெரியவர் ஒருவர் எசாயா 11-ஆம் அதிகாரம் போன்ற ஒரு பகுதியை நிதானமாக வாசிக்கட்டும். டிசம்பர் 19 முதல் வாரநாள் திருப்பலி நற்செய்தி லூக்கா முதல் அதிகாரத்திலிருந்தே வருவதால், வீட்டிலும் அதையே தொடரலாம்.

குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருளடையாளத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். வேலூர் விண்ணேற்பு அன்னை பேராலயமானாலும் கிராமத்துச் சிற்றாலயமானாலும், கூட்டம் சேரும் முன்பே சென்றால்தான் குருவிடம் அவசரமின்றி மனம் திறக்க முடியும். அலங்காரங்கள் அனைத்தையும்விட இதுவே முதன்மையானது என்று உறுதியாக நம்புகிறேன்.

குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலி முடிந்து வந்தபின்பே குடிலில் வையுங்கள். குடிலின் பசுமைக்கு, டிசம்பர் 15 வாக்கில் அகன்ற தட்டில் ஈரமண் பரப்பி, ஓரிரவு ஊறிய கேழ்வரகைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, நாள்தோறும் சிறிதளவு நீர் தெளித்து வாருங்கள்.