முன்பட்ட உருளைக்கிழங்கில் விளைச்சலைத் தின்னும் தவறுகள்

பஞ்சாபின் ஜலந்தர், ஹோஷியார்பூர் பகுதிகளில் நெல் அறுத்த கையோடு செப்டம்பர் கடைசியில் உருளைக்கிழங்கு ஊன்றுவார்கள். டிசம்பரில் தோண்டி, புதுக்கிழங்குக்கு நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிட்டு, அதே நிலத்தில் கோதுமை விதைப்பார்கள். 70–80 நாள் ரகங்கள்தான் இந்த முன்பட்டத்துக்கு, அதாவது வழக்கத்துக்கு முந்திய சாகுபடிக்கு, ஆதாரம். அக்டோபர் இரவுகள் குளிராமல் இழுத்தடிக்கும் ஆண்டுகளில் இங்குதான் முதல் அடி விழுகிறது.

குறைந்த வயது ரகம் என்றால் வெயிலையும் தாங்கும் என்று நம்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இரண்டும் வேறு குணங்கள். குஃப்ரி சந்திரமுகி (1968), குஃப்ரி அசோகா (1996), குஃப்ரி புக்ராஜ் (1998), குஃப்ரி கியாதி (2008) எல்லாம் சீக்கிரம் கிழங்கு பருக்கும் ரகங்கள். ஆனால் இவை கிழங்கு பிடிக்க இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். இரவு சூடாக இருந்தால், இலை பகலில் சேர்த்த மாவுச்சத்து சுவாசத்திலேயே கரையும். மிச்சம் தழைக்குப் போய்விடும். செடி மேலே தளதளவென்று நிற்கும். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள்: மண்ணுக்குள் வெள்ளைத் தண்டுகள் நீளமாக ஓடியிருக்கும், நுனியில் திரட்சியே இருக்காது. வெப்பம் தாங்குவதற்கென்றே வந்த ரகம் குஃப்ரி சூர்யா (2006). செப்டம்பரிலேயே ஊன்றியாக வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற ரகங்களுக்கு, போன வருடத் தேதியைப் பார்க்காமல், பகல் 30–32, இரவு 18–20 டிகிரிக்கு இறங்கும் வரை பொறுங்கள்.

அடுத்தது விதைக்கிழங்கு. செலவை மிச்சம் பிடிக்க வெட்டி ஊன்றுவது குளிர்ந்த மண்ணில் சரிப்படும். சூடான ஈர மண்ணிலோ வெட்டுவாய் வழியே பாக்டீரியா ஏறி அழுகிவிடும், வயலில் இடைவெளி விழும். 40–50 கிராம் முழுக்கிழங்கே முன்பட்டத்துக்கு ஏற்றது.

2–4 டிகிரி குளிர்பதனக் கிடங்கிலிருந்து எடுத்த மூட்டையை நேரே வயலுக்குக் கொண்டுபோவதும் தவறு. கிழங்கு வியர்த்து அழுகும், முளைப்பும் ஏறுமாறாக வரும். ஊன்றுவதற்கு 10–15 நாள் முன்பே எடுத்து, காற்றோட்டமான நிழலில் மெல்லப் பரப்புங்கள். மங்கிய வெளிச்சம் படவேண்டும். இருட்டில் வைத்தால் முளை வெளுத்து நீண்டு, கை பட்டதும் ஒடியும். சுமார் ஒரு செ.மீ. நீளத்தில் பச்சையாக, குட்டையாக, தடித்த முளை வந்தால் ஊன்றலாம். தோண்டும் தேதி முன்பே முடிவாகிவிட்ட பயிர் இது. முளைப்பதில் ஒரு வாரம் தாமதமானால், கிழங்கு பருக்கும் காலத்தில்தான் அந்த ஒரு வாரம் குறையும்.

வளர்ச்சி மந்தமாகத் தெரிந்ததும் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். பிந்திய தழைச்சத்து கிழங்கு பிடிப்பதைத் தள்ளிப்போடும். தழைச்சத்தில் பாதி அடியுரமாக, சுமார் 25-ஆம் நாள் மண் அணைக்கும்போது மீதி, அத்தோடு நிறுத்துங்கள்.

தண்ணீர், கிழங்கு ஊன்றிய மண்மேடான பாரின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறக்கூடாது. முழுகினால் கிழங்கு மூச்சுத் திணறி அழுகும். காயவிட்டுப் பின் வெள்ளமாகப் பாய்ச்சினால் வெடிப்பும் முண்டும் விழும். வாரம் ஒருமுறை லேசாகப் பாய்ச்சுவது போதும். ஊன்றியதும் பார் மேல் வைக்கோல் பரப்பினால் மண் சூடு குறையும், ஈரமும் நிற்கும். வயலிலேயே கிடக்கும் அந்த வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

முன்பட்டப் பயிருக்குப் பின்கருகல் என்ற பூசண நோய் வராது என்ற நம்பிக்கையையும் விடுங்கள். நவம்பரில் மழையும் மேகமூட்டமும் சேர்ந்து, ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி, வெப்பம் 10–20 டிகிரியில் நின்றால் சில நாட்களில் வயல் கருகும். சந்திரமுகியும் அசோகாவும் எளிதில் விழும். இலையில் புள்ளி தெரியும் முன்பே லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் பூசணக்கொல்லி தெளியுங்கள், இலையின் அடிப்பக்கமும் நனையவேண்டும். புள்ளி வந்தபின் அது மட்டும் போதாது. சைமோக்சனில்–மேன்கோசெப் கலவை லிட்டருக்கு 3 கிராம் தேவைப்படும்.

இளங்கிழங்கைத் தோண்டி, விலை ஏறட்டும் என்று குவித்து வைக்காதீர்கள். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியும் கிழங்கு இருப்புக்கு ஆகாது. அன்றே சந்தைக்குப் போகட்டும். இருப்பு வைக்க நினைத்தால் தண்ணீரை நிறுத்தி, செடியை மட்டும் அறுத்துவிட்டு, தோல் இறுக 10–15 நாள் மண்ணுக்குள்ளேயே விட்டுத் தோண்டுங்கள்.