யாழ்ப்பாண வெக்கையில் ஓவர்குளொக் செய்த புரொசெசர்: சூட்டை இறக்கும் வழிகள்

புரொசெசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்குளொக்; அப்போது சூடும் கூடும். அந்தச் சூட்டை வெளியேற்றக் கூலர் தேட முன்னம் அறைக்கு ஒரு வெப்பமானி வாங்குங்கள். எந்தக் காற்றுக் கூலரும், நீர்க் கூலரும் புரொசெசரை அறைக் காற்றுக்குக் கீழே இறக்காது. அறையை விட எத்தனை பாகை மேலே பிடித்து வைக்கிறது என்பதில்தான் கூலரின் திறமை இருக்கிறது. 22 பாகை செல்சியஸ் அறையில் 78 காட்டிய கூலர், அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே சித்திரை மாத மத்தியானம் 33 பாகையில் கிட்டத்தட்ட 89 காட்டும். கூலரில் பிழை இல்லை. ஆகவே சோதிக்கும் ஒவ்வொரு தடவையும் கேஸுக்குள் காற்றுப் போகும் இடத்து வெப்பத்தையும் குறித்து, அதற்கும் புரொசெசர் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வையுங்கள். விடியப்புறம் எடுத்த அளவையும் மத்தியான அளவையும் அப்படியே ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இன்ரெல் 12 முதல் 14ஆம் தலைமுறையில் ஓவர்குளொக் செய்யக்கூடிய 'கே' வகைகள் 100 பாகையில் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலும் 90 அல்லது 95. ரைசன் 7000 'எக்ஸ்' வகைகளின் போக்கு வேறு: முழுச் சுமையில் 95 தொடும்வரை வேகத்தைக் கூட்டும்படியே செய்திருக்கிறார்கள். அதில் 95ஐக் கண்டு பதறாமல், அந்த 95இல் எத்தனை மெகாஹேர்ட்ஸ் ஓடுகிறது என்று பாருங்கள். மற்றவற்றில் வெக்கைக் காலத்திலும் முழுச் சுமையில் 85க்குள் நின்றால் போதும்.

காசு செலவில்லாத முதல் வேலை வோல்ற்றேஜைக் குறைப்பது. புரொசெசர் தின்னும் மின்சாரம் வோல்ற்றேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.35 வோல்ற்றில் ஓடுவதை அதே வேகத்தில் 1.25க்கு இறக்க முடிந்தால் ஏறத்தாழ 14 வீதச் சூடு பிறக்காமலே போகும். பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) வேகத்தை மட்டும் கூட்டி, வோல்ற்றேஜை 'ஓட்டோ'வில் விட்டால் மதர்போட் பயத்தில் தேவைக்கு மேல் கொடுக்கும். ஓவர்குளொக் சூட்டில் பாதிக் கதை இதுதான். கையால் ஒரு அளவைக் கொடுத்து, 0.02 வோல்ற் வீதம் இறக்கி, ஒவ்வொரு படியிலும் முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ற் வியூவரில் 'வியா' (WHEA) என்ற வன்பொருள் பிழை விழுந்தால் ஒரு படி மேலே வாருங்கள். சுமையில் வோல்ற்றேஜ் சரியாமல் தாங்கும் லோட்லைன் கலிபிரேஷனை உச்சத்தில் வைக்க வேண்டாம், நடுப்படி போதும். ரைசனில் வோல்ற்றேஜைக் குறைக்கும் கேர்வ் ஒப்ரிமைசர் அமைப்பை எல்லாக் கோருக்கும் மைனஸ் 10இல் தொடங்கி ஐந்தைந்தாக இறக்கலாம். அளவு மிஞ்சினால் சுமையில் அல்ல, சும்மா இருக்கும்போதே கணினி விழும். ஆகையால் சினிபெஞ்ச் தாண்டியவுடன் சரி என்று முடிவெடுக்காதீர்கள். இன்ரெல் 13, 14ஆம் தலைமுறைக்காரர், இன்ரெல் 2024இல் வெளியிட்ட மைக்ரோகோட் (புரொசெசரின் உள் கட்டளை) திருத்தம் அடங்கிய பயோஸைப் போடாமல் எதையும் தொட வேண்டாம்.

இனிப் பேஸ்ற், அதாவது புரொசெசருக்கும் கூலருக்கும் இடையில் பூசும் சூடு கடத்தும் பசை. ரைசன் 5000 பூட்டும் ஏஎம்4 சொக்கெற்றில் கூலரை நேரே இழுத்தால் காய்ந்த பேஸ்ற்றோடு புரொசெசரும் கழன்று வந்து பின்கள் வளையும். கழற்ற முன்னம் பத்து நிமிடம் சுமை கொடுத்துச் சூடாக்கி, கணினியை நிறுத்தி வயரைக் கழற்றி, கூலரை இடம் வலமாகத் திருகி, பிடி தளர்ந்த பிறகு தூக்குங்கள். பழைய பேஸ்ற்றை 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைக்கலாம். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் சில வகை எண்ணெய் கலந்தது, லேபலைப் பாருங்கள். ரொயிலற் ரிசு பஞ்சு விடும். சதுரப் புரொசெசருக்கு நடுவில் ஒரு முழு உளுந்தளவு, நீள்சதுரமான எல்ஜிஏ1700க்கு (இன்ரெல் 12 முதல் 14ஆம் தலைமுறை) நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு. கூலரின் அடித்தட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக் தாளை உரிக்க மறப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி, தடவைக்கு இரண்டு சுற்று வீதம் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தட்டுச் சரிந்து ஒரு ஓரம் பேஸ்ற்றோடு முட்டாமல் நிற்கும்.

சூடு ஏறும் விதத்தைப் பார்த்தாலே பிழை எங்கே என்று தெரியும். சுமை கொடுத்த இரண்டு மூன்று செக்கனில் உச்சிக்குப் பாய்ந்தால் முதலில் பேஸ்ற், தாள், திருகாணியைச் சந்தேகியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் வோல்ற்றேஜ் மிதமிஞ்சியிருக்கும். முதல் ஐந்து நிமிடம் நன்றாக நின்று, பிறகு மெல்ல மெல்ல ஏறினால் கேஸுக்குள் சூட்டுக் காற்றுத் தேங்குகிறது. பக்கக் கதவைக் கழற்றிப் பாருங்கள். ஐந்தாறு பாகை இறங்கினால் உறுதி. கதவைத் திறந்தபடி மேசை விசிறியைப் பிடிப்பது சோதனைக்கு மட்டும் போதும். நிரந்தரமாக்கினால் தூசிக்கு வாசல் திறந்துவிட்டதாகும்.

தூசிதான் இங்கே பெரிய எதிரி. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூள் இரண்டு கிழமைக்குள் கூலர் ஹீற்சிங்கின் தகடுகளுக்கிடையில் அடைத்துவிடும். கரையோர வீடுகளில் உப்புக் காற்றின் ஈரம் சேர்ந்து அது பிசினாகவே ஒட்டும். முன்னால் இரண்டு விசிறி உள்ளே, பின்னால் ஒன்று வெளியே என்று வையுங்கள். அப்போது காற்று வடிகட்டி வழியாகத்தான் வரும். விசிறிச் சட்டத்தில் குறுக்குக் கம்பி உள்ள பக்கமாகக் காற்று வெளியேறும். வடிகட்டி இல்லாத கேஸுக்கு நுளம்பு வலை பஞ்சையும் மயிரையும் பிடிக்கும், நுண் தூளைப் பிடிக்காது. பழைய நைலோன் ஸ்ரொக்கிங் அதைவிட நல்லது. கேஸை நிலத்தில் வைக்காமல் ஒரு ஸ்ரூலில், சுவரிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். துப்புரவாக்க ரயர் கடைக் கொம்பிரசரிடம் கொண்டுபோக வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும், அமுக்கமும் அதிகம். சிறிய புளோவரும் பெயின்ற் பிரஷும் போதும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீர்க் கூலர் என்றால், தண்ணீரை ஓட்டும் பம்ப், நீர்ச் சுற்றில் உயர்ந்த இடமாக இருக்கக் கூடாது; இருந்தால் காற்றுக் குமிழி அதற்குள் சேரும். தண்ணீரை ஆற்றும் ரேடியேற்றரைக் கேஸின் மேற்பக்கம் பூட்டுவது பாதுகாப்பு. சொந்தமாகக் குழாய் போட்டுச் செய்பவர்கள் கிணற்றுத் தண்ணீரை நினைத்தும் பார்க்க வேண்டாம். நமது சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்திலுக்குச் செய்வதைத்தான் நீர்ப்பாதைக்கும் செய்யும். காய்ச்சி வடித்த நீரும் பாசி தடுக்கும் மருந்தும் போடுங்கள். அலுமினிய ரேடியேற்றரையும் செப்புத் தட்டையும் ஒரே சுற்றில் சேர்த்தால் அலுமினியம் அரித்துப் போகும்.

கொழும்பில் பூட்டி எடுப்பவர்களுக்கு ஒன்று: இரட்டைக் கோபுரக் கூலர்கள் சில ஒரு கிலோவைத் தாண்டும், நொக்ருவா என்எச்-டி15 விசிறிகளோடு 1.32 கிலோ. அதை மதர்போட்டில் தொங்கவிட்டபடி ஏ9 வழியே பஸ்ஸில் ஏற்றினால் போட் வளையலாம், பூட்டு விடலாம். கூலரைத் தனிப் பெட்டியில் கேட்டு வாங்கி, வாங்க முன்னம் உங்கள் கேஸ் 165 மில்லிமீற்றர் உயரத்துக்கு இடம் தருமா என்று அளந்து, வீட்டில் வைத்துப் பூட்டுங்கள்.