லூயி புனுவல் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

ஸ்பெயினில் பிறந்த திரைப்பட இயக்குநர் லூயி புனுவல் பெயரைக் கேள்விப்பட்டுத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் முட்டிக்கொள்வது அந்தச் சவரக்கத்தியில்தான். 1929இல் வந்த ‘அன் ஷியான் அந்தாலு’ குறும்படத்தில், ஒரு பெண்ணின் கண்ணை அது கிழிக்கும். அதைப் பார்த்த கையோடு ‘நமக்கு ஒத்துவராது’ என்று விலகியவர்கள் நிறையப் பேர். ஆனால் 1977 வரை 30க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர் அவர். அவற்றில் பாதிக்கு மேல் மெக்சிகோவில் சாதாரணத் திரையரங்கு ரசிகர்களுக்காக எடுக்கப்பட்டவை. பார்க்கக் கடினமான படங்கள் குறைவு, சிரிக்க வைப்பவை அதிகம். வருட வரிசையை மறந்துவிட்டு, கீழே சொல்லும் வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்

சர்ரியலிசப் படம், அதாவது கனவைப் போலத் தர்க்கத்துக்குக் கட்டுப்படாமல் போகும் படம் என்றதும் ‘இந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம்?’ என்று துருவத் தொடங்குவோம். புனுவலிடம் அது சீக்கிரமே களைப்பில் கொண்டு போய்விடும். அதற்குப் பதிலாக, ‘திரையில் இருப்பவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். நடக்கவே முடியாத ஒன்று நடக்கும். அங்கிருப்பவர்களோ மரியாதை குறையாமல் பேச்சைத் தொடர்வார்கள். அவருடைய வேடிக்கையும் கோபமும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

இன்னொன்று, கேமராவிடம் எந்த உதவியும் எதிர்பார்க்காதீர்கள். கோணல் சட்டகம், புகைமூட்டம் எதுவும் இருக்காது. பிற்காலப் படங்களில் பின்னணி இசைகூட அநேகமாகக் கிடையாது. அதனால் கனவு எப்போது தொடங்கியது என்று தெரியாது. பாத்திரம் கண்விழிக்கும்போதுதான் நமக்கும் தெரியும்.

படி 2: ‘தி எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்’ (1962)

இங்கே தொடங்குங்கள். மெக்சிகோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரம்தான். கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பணக்கார வீட்டு விருந்துக்கு வந்தவர்களால் அந்த அறையைவிட்டு வெளியேற முடியவில்லை. கதவு திறந்தே கிடக்கிறது. யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் ஒருவராலும் வாசலைத் தாண்ட முடியவில்லை. காரணம் கடைசிவரை சொல்லப்படாது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதல் பத்து நிமிடங்களைக் கவனமாகப் பாருங்கள். விருந்தினர்கள் வீட்டுக்குள் நுழைந்து மாடியேறும் காட்சி இரண்டு முறை வரும். வீட்டுக்காரர் எழுந்து மதுக்கோப்பையை உயர்த்தி வாழ்த்துவதும் இரண்டு முறை நடக்கும். முதல் தடவை எல்லோரும் கேட்பார்கள், இரண்டாம் தடவை ஒருவரும் சட்டை செய்ய மாட்டார்கள். படத்தொகுப்பில் ஏதோ பிசகிவிட்டதென்று தோன்றும். இல்லை, வேண்டுமென்றே செய்ததுதான். அப்புறம் வேலைக்காரர்களைக் கவனியுங்கள். சிக்கிக்கொள்ளப்போவது எஜமானர்கள், ஆனால் வேலைக்காரர்களோ விருந்து தொடங்குவதற்கு முன்பிருந்தே ஏதேதோ சாக்கு சொல்லி ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். தாகம் முற்றிச் சுவரை உடைத்துத் தண்ணீர்க் குழாயைத் தேடும் கட்டம் வரும்போது, முதல் காட்சியில் பார்த்த பட்டும் பவிசும் எந்த நிலைக்கு வந்திருக்கின்றன என்று பாருங்கள்.

படி 3: ‘தி டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாசி’ (1972)

முந்தைய படத்தைத் தலைகீழாகப் புரட்டியது போன்றது இது. அங்கே விருந்து முடியவே முடியாது; இங்கே தொடங்கவே தொடங்காது. ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முயல்கிறார்கள், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வருகிறது. ஒரு தேநீர் விடுதியில் தேநீர், காப்பி, பால் மூன்றுமே தீர்ந்துபோயிருக்கும். இன்னொரு முறை, சாப்பாட்டு மேசை இருப்பது நாடக மேடை மேல் என்பது திரை விலகியதும்தான் தெரியும். கனவுக்குள் கனவு வரும்போது குழப்பமாக இருந்தால் நிறுத்த வேண்டாம், ஓடவிடுங்கள். சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பெற்ற படம் இது.

படி 4: இப்போது அந்தக் கண்

சரி, இனி ‘அன் ஷியான் அந்தாலு’ பார்க்கலாம். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் மௌனப்படம். நிலவை ஒரு மேகம் கத்திபோல் கிழிப்பதாகப் புனுவல் கண்ட கனவும், உள்ளங்கையில் எறும்புகள் ஊர்வதாக ஓவியர் சால்வதோர் தாலி கண்ட கனவும்தான் இதன் மூலம். பகுத்தறிவால் விளக்க முடிகிற எதையும் சேர்ப்பதில்லை என்ற விதியோடு இருவரும் எழுதினார்கள். கத்தியைத் தீட்டுகிறவர் புனுவலேதான். வெட்டுப்படுவது கன்றுக்குட்டியின் கண். தெரிந்திருந்தாலும் வயிற்றைப் பிசையும், எனவே அந்த முதல் நிமிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தப்பில்லை.

நான் அதைவிட ரசிப்பது இடையில் வரும் எழுத்து அட்டைகளை. ‘எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று வரும்; அடுத்த காட்சியில் யாருக்கும் ஒரு நாள்கூட வயது கூடியிருக்காது.

படி 5: தெருவுக்கு வாருங்கள்

புனுவலைக் கனவு விற்பவராக மட்டும் நினைக்கிறவர்கள் ‘லாஸ் ஓல்விதாதோஸ்’ (1950) கட்டாயம் பார்க்க வேண்டும். மெக்சிகோ நகரத்துச் சேரிச் சிறுவர்களின் கதை, 1951இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றது. ஏழைகள் என்பதற்காக யாரையும் நல்லவர்களாகக் காட்டுவதில்லை. பசியோடு இருக்கும் சிறுவன் பெத்ரோவின் கனவில் தாய் பச்சை இறைச்சியோடு வருவாள். நான் பார்த்த கனவுக் காட்சிகளிலேயே மிகப் பயங்கரமானது அதுதான்.

அடுத்து ‘விரிதியானா’ (1961). கான் விழாவின் உயரிய விருதைப் பங்கிட்டுக்கொண்டது, ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசால் தடை செய்யப்பட்டது. பிச்சைக்காரர்களின் விருந்து இயேசுவின் கடைசி இரவு உணவு ஓவியம்போல ஒரு கணம் உறையும் இடத்தைப் பார்த்தால் தடைக்கான காரணம் தானே விளங்கும்.

படி 6: ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்

படம் முடிந்ததும், விமர்சனம் எதையும் படிக்கும் முன், மனதில் நின்ற பொருள்களை எழுதுங்கள். கால்கள், காலணிகள், பூச்சிகள், ஆடுகள், சாப்பாட்டு மேசைகள் என்று படத்துக்குப் படம் திரும்ப வருபவை உங்கள் பட்டியலிலேயே சேர்ந்துவிடும். விளக்கம் எழுதத் தேவையில்லை.

கடைசிப் படமான ‘தட் அப்ஸ்க்யூர் ஆப்ஜெக்ட் ஆஃப் டிசையர்’ (1977) பார்க்கும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும். அதில் கொன்சித்தா என்ற ஒரே பாத்திரத்தில் கரோல் பூக்கே, ஆங்கெலா மொலினா என்று இரண்டு நடிகைகள் மாறி மாறி வருகிறார்கள். படத்தில் ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை.

அவர் முதன்முதலாக எடுத்த முழுநீளப் படமான ‘லாஜ் தோர்’ (1930) கடைசியில் இருக்கட்டும். மற்றவை பழகிய பிறகுதான் அதில் ருசி இருக்கும். நேரமில்லாத நாளுக்கு ‘சைமன் ஆஃப் தி டெசர்ட்’ (1965) இருக்கிறது, 45 நிமிடம்தான். தூண் உச்சியில் தவமிருக்கும் துறவியிடம் சாத்தான் வந்து வம்பு வளர்க்கும் கதை.