லிங்கன் எழுதாத கடிதமும் வேறு சில தவறுகளும்

போன மாதம் மூன்று கட்டுரைகள் என் பார்வைக்கு வந்தன. மூன்றுமே சிறுவர் இதழ்களுக்காகப் புதிதாக எழுத வந்தவர்கள் அமெரிக்க வரலாறு பற்றி எழுதியவை. மூன்றிலும் ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டியிருந்தார். இரண்டில் ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு உருக்கமாகக் கடிதம் எழுதியிருந்தார். கோபம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன் அதே மரத்தை வெட்டியவன் நான். அதே கடிதத்தைத் தபாலில் சேர்த்தவனும் நான்தான்.

ஒற்றுப்பிழை, கணினி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவது, படத்தை மாற்றிப் போடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை தவறு என்று செய்பவருக்கே தெரியும். நன்றாகப் படித்துவிட்டு எழுதுகிறவர்களும் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

செர்ரி மரம்

வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பரில். மறு வருடமே மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டுவிட்டார். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் விற்றவர் அவர், எது விலைபோகும் என்று தெரிந்தவர். முதல் பதிப்பில் செர்ரி மரம் கிடையாது. 1806 பதிப்பில்தான், அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொள்ளும் ஆறு வயதுப் பையன் கோடாலியோடு வந்து நிற்கிறான். பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பொய்யைக் கட்டினார் மனிதர்! "வீம்ஸ் சொன்ன கதை" என்று எழுதினால் தவறே இல்லை, அதுவே சுவையான கட்டுரை. "நடந்தது" என்று எழுதாதீர்கள்.

வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்ற கதையும் இப்படித்தான். அவருடைய பல்செட்டில் நீர்யானைத் தந்தம் இருந்தது, ஈயம் இருந்தது, மனிதப் பல்லும் இருந்தது. மரம் மட்டும் இல்லை.

லிங்கனின் கடிதம்

இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மனிதரும் நேர்மையானவர் அல்லர் என்று அவனுக்குக் கற்றுக்கொடுங்கள், கண்டெடுத்த ஐந்து டாலரைவிட உழைத்துச் சம்பாதித்த ஒரு டாலர் உயர்ந்தது என்று சொல்லிக்கொடுங்கள் என்று போகும் அந்தக் கடிதம். தலைமையாசிரியர் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். செப்டம்பர் 5 காலைக் கூட்டத்தில் ஒரு மாணவி ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் நான்கு பேராவது எனக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் முதல் புத்தகம் 64 பக்கம், ஆயிரம் பிரதி. பின்னட்டை முழுக்க இந்தக் கடிதம்தான். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் கன்னம் ஒட்டிய லிங்கன். உள்ளே எழுதியதைவிட அந்த அட்டையைப் பற்றித்தான் எனக்குப் பெருமை அதிகம். பதிப்பாளர்கூட ஒருமுறை, "இது எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

புத்தகம் வந்து மூன்று வாரம் இருக்கும். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, புத்தகம் நல்லா வந்திருக்கு. ஒரு சந்தேகம். அந்தக் கடிதம் எந்தப் பையனுக்காக எழுதினது?"

"லிங்கனோட மகனுக்காக சார்."

"அவருக்கு நாலு பசங்களாச்சே. எந்தப் பையன், எந்த வருஷம், எந்தப் பள்ளிக்கூடம்?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொரு மகனாகப் பார்த்தேன். இரண்டாவது மகன் எட்டி 1850-இல், நான்கு வயது நிறையும் முன்பே இறந்துபோனான். மூன்றாவது மகன் வில்லி 1862 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் காய்ச்சலில் போனான், பதினோரு வயது. கடைக்குட்டி டாடுக்கு வெள்ளை மாளிகைக்கே ஆசிரியர் வந்தார், அவனோ புத்தகத்துக்குப் பிடிகொடுக்காத பையன். மிச்சம் மூத்தவன் ராபர்ட். ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்தவன், 1859-இல் பதினாறு வயதில் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள எக்ஸிடர் பள்ளிக்குப் போனான். மீசை முளைக்கும் வயதுப் பையனை முதல்முறை பள்ளியில் விடும் தகப்பன்போல யாராவது கடிதம் எழுதுவார்களா? தேதி, பெறுநர், ஊர் மூன்றும் இல்லாத கடிதம் அது என்பது அப்போதுதான் உறைத்தது.

லிங்கன் எழுதியவற்றை 1953-இல் எட்டுத் தொகுதிகளாகத் தொகுத்துவிட்டார்கள். ஒற்றை வரித் தந்தி, துண்டுச் சீட்டு வரை அதில் இருக்கிறது. இந்தக் கடிதம் இல்லை. நடையும் அவர் காலத்து நடையில்லை. தன் பள்ளிப் படிப்பு மொத்தத்தையும் கூட்டினால் ஒரு வருடம்கூடத் தேறாது என்று எழுதியவர் அவர்.

பதிப்பாளரிடம் சொன்னேன். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எழுநூற்றுச் சொச்சம் பிரதிகள் மிச்சம். பின்னட்டை அளவுக்கு ஸ்டிக்கர் அடித்து, நானும் அவரும் பைண்டிங் கடைப் பையன்கள் இருவருமாக இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டினோம். கறுப்பு அட்டை என்பதால் ஸ்டிக்கர் சாம்பல் நிறமாகத் தெரிந்தது, நடுவில் காற்றுக் கொப்புளம் வேறு. என் ராயல்டி முழுக்க அதிலேயே கரைந்தது. அடுத்த புத்தகக் கண்காட்சியில் ஒரு சிறுவன் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், உள்ளே வேற ஏதோ எழுதியிருக்கு" என்றான். அவன் அப்பா என்னைப் பார்த்தார். நான் பக்கத்து ஸ்டாலைப் பார்த்தேன்.

பணம் போனதுகூட ஆறிவிட்டது. ஆறாதது, இதைச் சொன்னதும் வரும் பதில்: "கருத்து நல்லதுதானே, யார் எழுதினா என்ன?" அப்படியானால் லிங்கன் பெயரை எடுத்துவிட்டுப் போடுங்கள் என்பேன். இதுவரை ஒருவரும் போட்டதில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல், லிங்கன் நிஜமாகவே எழுதிய கடிதங்கள் இதைவிட எத்தனையோ மடங்கு நல்லவை. ராபர்ட் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் பதினாறு பாடங்களில் பதினைந்தில் தோற்றவன். எக்ஸிடருக்குப் போனதே அதனால்தான். ஒரு வருடம் படித்து ஹார்வர்டில் சேர்ந்துவிட்டான். ஆனால் அவனுடைய நண்பன் ஜார்ஜ் லேதம் 1860-இல் அதே தேர்வில் தோற்றான். குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றுகொண்டிருந்த லிங்கன், அந்த வருடம் ஜூலை 22 அன்று அந்தப் பையனுக்குக் கடிதம் எழுதினார். நீ தோற்றதை அறிந்தபோது அடைந்ததைப் போன்ற வேதனையை வாழ்க்கையில் அரிதாகவே அடைந்திருக்கிறேன் என்றார். முயன்றுவிட்டாய், இனி வென்றே ஆக வேண்டும் என்றார். தேர்வில் தோற்ற பிள்ளைக்கு வாசித்துக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? தமிழில் இதை யாரும் சட்டம் போட்டு மாட்டி நான் பார்த்ததில்லை.

சிறுவர் இதழுக்கென்றால் இன்னொன்று இருக்கிறது. 1860 அக்டோபரில் கிரேஸ் பெடல் என்ற பதினொரு வயதுச் சிறுமி, உங்கள் முகம் ரொம்ப ஒட்டியிருக்கிறது, தாடி வளருங்கள் என்று லிங்கனுக்கு எழுதினாள். இதுவரை வைத்ததில்லையே, இப்போது வைத்தால் அசட்டுத்தனமாகப் பார்க்க மாட்டார்களா என்று அவர் பதில் போட்டார். ஆனாலும் வளர்த்தார். அடுத்த பிப்ரவரியில் பதவியேற்க ரயிலில் போகும்போது, வெஸ்ட்ஃபீல்டு என்ற ஊரில் இறங்கி அவளைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனார். தேதி, ஆள், ஊர் எல்லாம் இருக்கிற கதை.

"ஒரே கையெழுத்தில் அடிமை முறையை ஒழித்தார்"

1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த தென்பகுதிகளுக்கு மட்டும்தான். கூட்டாட்சியிலேயே தங்கிய கென்டக்கி, மிசூரி, மேரிலாந்து, டெலவேர் மாநிலங்களில் அடிமை முறை இருந்தது. பிரகடனம் அதைத் தொடவில்லை. நாடு முழுக்கச் சட்டப்படி ஒழிந்தது 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால். அது மாநிலங்களின் ஒப்புதலோடு உறுதியான 1865 டிசம்பரில் லிங்கன் உயிரோடில்லை, ஏப்ரலிலேயே சுடப்பட்டுவிட்டார். ஜூன் 19 விடுதலை நாளான ஜூன்டீன்த் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியை விளக்காமல் விட்டால் வாசகனுக்கு ஒன்றும் புரியாது. பிரகடனம் வந்து இரண்டரை வருடம் கழித்து, 1865 ஜூன் 19 அன்றுதான் டெக்சஸின் கால்வெஸ்டனில் ராணுவம் வந்து விடுதலையை அறிவித்தது. அந்த நாளுக்குத் தேசிய விடுமுறை கிடைத்தது 2021-இல்.

ஜூலை 4

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் அன்று கையெழுத்திட்டார்கள் என்று எழுதாதீர்கள். பிரிட்டனிலிருந்து விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஜூலை 2-ஐத்தான் வருங்காலத் தலைமுறைகள் கொண்டாடப்போகின்றன என்று, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்கு எழுதினார், பாவம்.

விடுதலை மணி அன்று முழங்கி விரிசல் விட்டது என்பதும் கட்டுக்கதை. லண்டனில் வார்த்த அந்த மணி பிலடெல்பியாவுக்கு வந்து முதலில் அடித்துப் பார்த்தபோதே உடைந்தது. 1753-இல் உள்ளூர்க்காரர்கள் உருக்கி மறுபடி வார்த்தார்கள். இன்று நாம் படத்தில் பார்க்கும் விரிசல் பத்தொன்பதாம் நூற்றாண்டுடையது. 'விடுதலை மணி' என்ற பெயரே 1830-களில் அடிமை ஒழிப்பு இயக்கத்தார் வைத்ததுதான்.

எந்த ரூஸ்வெல்ட்?

குடியரசுத் தலைவர்கள் நால்வரின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலையில் இருப்பவர் தியோடர். மலையைச் செதுக்கத் தொடங்கிய 1927-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இன்னும் குடியரசுத் தலைவரே ஆகவில்லை.

மார்ட்டின் லூதர்

அவர் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானியர். நீங்கள் எழுத நினைத்தவருடைய பெயரில் 'கிங்' உண்டு.

சுதந்திர தேவி சிலை

305 அடி என்றும் 151 அடி என்றும் இரண்டு கணக்கைப் பார்த்துக் குழம்பி, நடுவில் ஒன்றைப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டுமே சரி. பீடத்தோடு 305, சிலை மட்டும் 151. பச்சை வண்ணம் பூசியதல்ல. 1886-இல் திறந்தபோது பளபளக்கும் செம்பு நிறம், பச்சை என்பது செம்பில் ஏறிய களிம்பு. நம் வீட்டுச் செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான்.

செவ்விந்தியர்

பழைய பாடப்புத்தகச் சொல். வாம்பனோக், செரோக்கி, லக்கோட்டா என்று மக்களின் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

நன்றி தெரிவிக்கும் நாள்

"நவம்பரின் கடைசி வியாழன்" என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 1941-இல் வந்த சட்டப்படி அது நான்காவது வியாழன். 2023 நவம்பரில் ஐந்து வியாழன்கள் வந்தன, விழா 23-ஆம் தேதி. 30-ஆம் தேதி என்று குறிப்பு எழுதிய ஓர் இதழ் விழா முடிந்து ஒரு வாரம் கழித்து வாழ்த்துச் சொன்னது. இந்த விழாவுக்கு மூலமாகச் சொல்லப்படும், 1621-இல் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்தில் ஆங்கிலேயர் ஐம்பது பேர் சொச்சம்தான். வாம்பனோக் தலைவர் மாசசாய்ட்டோடு வந்தவர்களோ தொண்ணூறு பேர், ஐந்து மான்களையும் கொண்டுவந்து தந்தார்கள். ஆதரவற்ற பூர்வகுடிகளுக்கு வெள்ளையர் விருந்து வைத்ததாக வரைந்த படங்களை நம்பி எழுதாதீர்கள்.

எலிஹூ யேல்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சென்னைக்காரர்கள் ஆசையாகச் செய்யும் தவறு: "நம்ம ஊர் கவர்னர் நிறுவிய பல்கலைக்கழகம்." யேல் நிறுவவில்லை. கனெக்டிகட் பாதிரியார்கள் 1701-இல் தொடங்கிய கல்லூரி அது. புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்து, சொந்த வியாபாரத்தில் கொழித்து, முறைகேட்டுப் புகாரில் பதவி இழந்தவர் யேல். இங்கிலாந்து திரும்பிய பிறகு 1718-இல் அந்தக் கல்லூரிக்கு 417 புத்தகங்கள், ஒன்பது மூட்டைச் சரக்கு, மன்னர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று அனுப்பினார். சரக்கை விற்ற காசில் கட்டிடம் எழும்பியது, நன்றிக்காகப் பெயர் வைத்தார்கள். பிறந்தது பாஸ்டனில்தான், ஆனால் சிறுபிள்ளையாகக் கப்பலேறியவர் அதன்பின் அமெரிக்காவை எட்டிப் பார்க்கவே இல்லை. கல்யாணம் நடந்தது கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில், 1680-இல். தேவாலயம் கட்டி முடித்த பிறகு அங்கே நடந்த முதல் கல்யாணமே அதுதான்.