பல்கலைக்கழக விண்ணப்பம்: வரிசையைப் பயந்து போடாதீர்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேடு கிடைத்ததும் முதலில் யூனி கோட் அட்டவணையைப் பாருங்கள். பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே ஒரு கோட்: யாழ்ப்பாணத்துச் சித்த மருத்துவத்துக்கு ஒன்று, அதே பாடநெறிக்கே நம்ம கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் வேறொன்று. இந்தக் கோட்களை விரும்பிய ஒழுங்கிலேயே எழுதுங்கள். ‘எட்டாது’ என்று ஆசைப்பட்டதைக் கீழே தள்ளினால், மேலேயுள்ளது கிடைத்ததும் அது பார்க்கப்படாது. போன வருட வெட்டுப்புள்ளி (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த புள்ளி) வெறும் குறிப்புத்தான்.

பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்ட அடிப்படையில்; பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்தில் திருகோணமலையும் உண்டு. கலைப்பிரிவில் இந்தக் கணக்கு பெரிதாக உதவாது.

மகாபொல, பர்சரி என்ற உதவித்தொகைகள் இரண்டுக்கும் குடும்ப வருமானம் பார்ப்பார்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றையும் விண்ணப்பத்தையும் பக்கத்தில் வைத்துத் தொகையை ஒப்பிடுங்கள், முரண்பட்டால் இழுபறிதான்.